காட்டு ஓர்க்கிட்டுகளை இனங்காணல்: ஓவியமும் ஒளிப்படமும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

தாவரமொன்றின் பெயரை அறிந்து கூறுதல் தூய அறிவியற் செயல் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. பூவைப் பார்ப்பவர் அதன் உறுப்புகளை நூலிற் கூறப்பட்ட இலக்கணத்தோடு ஒப்பிடுகின்றார். பொருந்தியதும் பெயர் கிடைத்துவிடுகின்றது. இச்செயலில் வரலாற்றுக்கோ வர்க்க உறவுகளுக்கோ இடமில்லை என்பது பலரது எண்ணமாகும். ஆயின், பார்ப்பவர் யார், அவர் கையிலுள்ள நூலை எழுதியவர் யார், அந்நூலுக்குப் படம் வரைந்தவர் யார், பூவைக் காட்டிலிருந்து கொணர்ந்தவர் யார் என்னும் வினாக்களை எழுப்பும்போது, தனியொருவர் செயலாகத் தோன்றியது பலரது உழைப்பின் திரண்ட விளைவு என்பது புலனாகும்.

இன்று காட்டு ஓர்க்கிட்டுகளை இனங்காண்பதற்கு அண்மைநிலை ஒளிப்படங்கள் பெரிதும் பயன்படுகின்றன. மலையேறும் மாணவரும் ஆசிரியரும் தோட்டப்புற இளைஞரும் சிறு கருவிகளாற் பூக்களைப் படம்பிடித்து, அவற்றின் பெயரை அறிய முயல்கின்றனர். வரவேற்கத்தக்க இம்முயற்சி வரலாறற்ற புதுமையன்று. படத்தைக் கொண்டு ஓர்க்கிட்டை இனங்காணும் வழக்கம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அவ்வழக்கத்தின் வளர்ச்சியை, சிறப்பாக இலங்கையை மையமாகக் கொண்டு, அதன் உற்பத்திச் சூழலில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கத்திலேயே ஒன்றனைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். அறிவியலின் சமூக அடிப்படையை ஆராய்வது அறிவியலின் உண்மையை மறுப்பதாகாது. ஒரு பூவின் மகரந்தத் திரளைகள் நான்கா எட்டா என்பது எவரது வர்க்க நிலைப்பாட்டையும் பொறுத்ததன்று. ஆனால் அவற்றை எண்ணும் வாய்ப்பு எவருக்குக் கிடைத்தது, எண்ணியவரின் பெயர் எங்கே பதியப்பட்டது, எண்ணிக்கையைச் சரிபார்க்கும் அதிகாரம் எந்நகரத்தில் இருந்தது என்பன முற்றிலும் சமூக வினாக்களாகும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளுதல் இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதத்துக்கே இட்டுச்செல்லும்.

2

ஓர்க்கிட் குடும்பத்தின் பூ அமைப்பினைச் சுருக்கமாக நோக்குதல் பயன்தரும். மூன்று புல்லிகளும் மூன்று அல்லிகளும் இப்பூக்களில் உள்ளன. அல்லிகளுள் ஒன்று ஏனைய இரண்டினின்றும் வேறுபட்டு உதடுபோல் அமைந்துள்ளது. இவ்வுதட்டின் மடல்கள், அதன்மேலுள்ள தடிப்புகள், மயிர்கள், விளிம்பின் பிளவுகள், சிலவற்றில் பின்புறமாக நீண்டு செல்லும் குழாய் போன்ற வால் ஆகியன இனத்துக்கினம் வேறுபடுவன. ஆண், பெண் உறுப்புகள் ஒன்றிணைந்து நடுவே ஒரு தூணாகின்றன. மகரந்தம் பெரும்பாலான பூக்களிற் போன்று தூளாகச் சிதறாமல் திரளைகளாகத் திரண்டு, தூணின் நுனியில் ஒரு மூடியின் கீழ் மறைந்திருக்கும். அத்திரளைகளின் எண்ணிக்கையும் அவற்றைப் பூச்சியின் உடலோடு ஒட்டும் உறுப்பின் அமைப்பும் வகைப்பாட்டில் முதன்மை பெறுகின்றன.

எனவே ஓர்க்கிட்டை அறிவதென்பது மிக நெருங்கிப் பார்ப்பதாகும். பத்தடி தொலைவில் நின்று பலாவையும் வேம்பையும் வேறுபடுத்தலாம். ஒபெரோனியாச் சாதியைச் சேர்ந்த ஓர்க்கிட்டின் பூவோ ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவினது. வில்லையின் துணையின்றி அதன் உதட்டைக் கண்ணாற் காண்பதே அரிது. இந்த நெருங்கிய பார்வை ஓர்க்கிட் ஆய்வுக்கு அப்பாலும் பயன் விளைத்தது. 1831ஆம் ஆண்டு இலண்டன் லினேயன் கழகத்தில் ரொபேட் பிரவுண் வாசித்த ஆய்வுரையில், ஓர்க்கிட் கலங்களில் தாம் நுணுக்குக்காட்டி மூலம் கண்ட வட்டமான பகுதிக்குக் கரு என்று பெயரிட்டார். கலத்தின் கருவுக்கு இன்றும் வழங்கும் பெயர் அவ்வாறு வந்ததே. 1862இல் டார்வின் வெளியிட்ட ஓர்க்கிட் மகரந்தச் சேர்க்கை பற்றிய நூல், உதட்டின் ஒவ்வொரு மடிப்பும் பூச்சியின் உடலமைப்போடு கொண்ட தொடர்பினை விளக்கி, இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டுக்கு வலுவூட்டியது.

மனிதப் புலன்கள் வரலாற்றின் விளைவுகள் என்னும் கருத்தை மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளில் முன்வைத்தார். ஓர்க்கிட்டைக் காணும் கண் அக்கருத்துக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. வில்லை, நுணுக்குக்காட்டி, செப்புத்தகட்டுச் செதுக்கல், கல்லச்சு, ஒளிப்படம் ஆகிய கருவிகளும் அவற்றை இயக்கிய உழைப்பும் இணைந்தே அக்கண்ணை உருவாக்கின.

3

தென்னாசிய ஓர்க்கிட்டுகள் படமாகப் பதிவுபெற்ற முதற் பெருமுயற்சி, கொச்சியில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் தளபதியாயிருந்த வான் றீட் தொகுப்பித்த ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ ஆகும். 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அம்ஸ்ரடாமில் வெளிவந்த இந்நூலில் எழுநூற்றுக்கு மேற்பட்ட செதுக்குப் படங்கள் உள்ளன. மிளகு வணிகத்துக்காக மலையாளக் கரையைக் கைப்பற்றிய கும்பனி, தன் படையினருக்கு வேண்டிய மருந்துகளை அம்மண்ணிலேயே தேடிக்கொள்ள முற்பட்டமை இத்தொகுப்பின் பொருளியற் பின்னணிகளுள் ஒன்று.

இந்நூலின் அறிவு எங்கிருந்து வந்தது? ஈழவர் சமூகத்தைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரும் ரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்புபட்டர் என்னும் கொங்கணிப் பிராமணர் மூவரும் அளித்த தகவல்களே அதன் அடித்தளம். 1675ஆம் ஆண்டு நாளிட்ட அவர்களது சான்றுரைகள் முதற்றொகுதியில் இடம்பெற்றுள்ளன. தீண்டாமை கோலோச்சிய சமூகத்தில் ஈழவ வைத்தியர் ஒருவரது அறிவு அச்சேறியமை குறிப்பிடத்தக்கது. ஆயினும், அது அச்சேறிய மொழி இலத்தீன். அதனால் முதலிற் பயனடைந்தோர் ஐரோப்பியர்.

பன்னிரண்டாம் தொகுதியில் ஓர்க்கிட்டுகள் ‘மரவாழை’ என்னும் பெயரில் வருகின்றன. மலையாளத்தில் வழங்கிய இப்பெயர் ஒல்லாந்தர் எழுத்தில் ‘மறவாற’ எனத் திரிந்துள்ளது. மரத்தின்மீது வாழும் வாழை என்னும் இச்சொல்லின் நுட்பம் சிந்திக்கத்தக்கது. மரத்தில் ஒட்டி வளர்வனவற்றையெல்லாம் புல்லுருவி என்று கூறும் பொதுவழக்கு ஓர்க்கிட்டுக்குப் பொருந்தாது. புல்லுருவி தான் பற்றிய மரத்தின் சாற்றை உறிஞ்சுவது. மரத்தின்மேல் வாழும் ஓர்க்கிட்டோ மரத்தைத் தாங்கியாக மாத்திரமே கொள்கின்றது. மழையும் காற்றின் ஈரமும் பட்டையில் தேங்கும் மட்கும் அதன் வாழ்வுக்குப் போதும். உறிஞ்சி வாழ்வதையும் ஒட்டி வாழ்வதையும் வேறுபடுத்திய நாட்டு வழக்கு, ஐரோப்பியக் கலைச்சொல் வருமுன்னரே இவ்வுண்மையை ஓரளவு உணர்ந்திருந்தது.

1753ஆம் ஆண்டு லினேயஸ் தாவர இனங்களுக்கு இருசொற் பெயர் வழங்கியபோது, மரவாழைகளை அவர் உயிருடன் கண்டதில்லை. வான் றீட்டின் படங்களைக் கொண்டே பலவற்றுக்குப் பெயரிட்டார். ‘பொன்னாம்பூ மரவாழை’ என்று அங்கே குறிக்கப்பட்ட மஞ்சட் பூவுடைய ஓர்க்கிட்டே இன்று வண்டா ஸ்பாத்துலாட்டா எனப்படுகின்றது. அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளர்வது. இலங்கையில் நரிவால் ஓர்க்கிட் என அழகுக்காக விரும்பப்படும் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசாவின் பெயரும் இவ்வழியே வந்தது. படத்தைப் பார்த்து ஓர்க்கிட்டுக்குப் பெயரிடுதல் இன்றைய கருவிகளாற் புகுந்த பழக்கமன்று என மேலே கூறினோம். உண்மையில், வெப்பவலய ஓர்க்கிட்டுகளின் அறிவியற் பெயரிடல் படத்திலிருந்தே தொடங்கியது எனலாம்.

வண்டா என்னும் சாதிப் பெயரும் வடமொழிச் சொல்லே. இவ்வாறு சொல், தகவல், செடி ஆகிய மூன்றும் கீழைத்தேயத்திலிருந்து சென்றன. அவற்றை ஒழுங்குபடுத்தி உறுதிப்படுத்தும் உரிமை அம்ஸ்ரடாம், உப்சாலா, இலண்டன் ஆகிய நகரங்களில் நிலைகொண்டது. மூலப்பொருள் ஏற்றுமதியும் முடிவுப்பொருள் இறக்குமதியும் என்னும் குடியேற்றநாட்டுப் பொருளாதார அமைப்பினை அறிவுத்துறையிலும் காண்கின்றோம்.

4

பிரித்தானியர் ஆட்சியில் 1821ஆம் ஆண்டு பேராதனையில் தாவரவியற் பூங்கா நிறுவப்பட்டது. அதன் முதற் பொறுப்பாளரான அலெக்சாந்தர் மூண் 1824இல் வெளியிட்ட இலங்கைத் தாவரப் பட்டியலிற் சிங்களப் பெயர்களும் இடம்பெற்றன. 1823இல் ஹர்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன என்பவர் அப்பூங்காவின் ஓவியராகச் சேர்ந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணிபுரிந்தார். அவரையடுத்து அவர் மைந்தர் வில்லியமும் ஜோர்ஜும் அப்பணியைத் தொடர்ந்தனர். 1880 முதல் 1887 வரை வெளிவந்த இலங்கை வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய மூரின் பெருநூலுக்குப் படம் வரைந்தோரும் இக்குடும்பத்தினரே.

தாவர ஓவியரின் உழைப்பு எத்தகையது என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. காட்டிலிருந்து வந்த ஓர்க்கிட் வாடுமுன் அதன் நிறம் பதியப்படல் வேண்டும். உலர்த்திய ஓர்க்கிட் பூ நிறமிழந்து, உருக்குலைந்து, தாளோடு ஒட்டிவிடும். அதனை மீண்டும் ஆராயப் புகுவோர் வெந்நீரிலிட்டு மென்மையாக்கிப் பிரிக்க வேண்டியிருக்கும். ஆகவே உயிர்ப்பூவின் வடிவத்துக்கும் நிறத்துக்கும் ஓவியமே சான்றாயிற்று. ஓவியர் செடியின் முழுத்தோற்றத்தை வரைவதோடு, பூவைப் பகுத்து, உதட்டைத் தனியாகவும் தூணைத் தனியாகவும் மகரந்தத் திரளைகளைப் பெருப்பித்தும் ஓரத்தில் வரைவார். எதனை வரைவது, எதனை விடுவது என்று தெரிவதற்குத் தாவரவியலறிவு இன்றியமையாதது. கையால் உழைப்பவர், மூளையால் உழைப்பவர் என்ற பாகுபாட்டில் ஓவியரைக் கைவினைஞர் பக்கம் நிறுத்திய அமைப்பு, அவர் செய்த பகுப்பாய்வைக் கணக்கிற் கொள்ளவில்லை.

1849 முதல் 1880 வரை பூங்காவின் தலைமையை வகித்த துவெயிற்ஸ், 1858 முதல் 1864 வரை இலங்கைத் தாவரங்களின் இலத்தீன் விவரணத்தை வெளியிட்டார். இனங்களையும் ஒருபொருட் பெயர்களையும் உறுதிசெய்வதில் ஜோசப் ஹூக்கர் உதவினார் என்பது அந்நூலின் முகப்பிலேயே குறிக்கப்பட்டுள்ளது. முப்பது ஆண்டுகள் இலங்கைத் தாவரங்களுக்கிடையே வாழ்ந்தவரது முடிவும் கியூவின் ஒப்புதலைப் பெறவேண்டியிருந்தது. துவெயிற்ஸ் தாம் சேர்த்த உலர் மாதிரிகளுக்கு எண்ணிட்டு ஐரோப்பியச் சேமிப்பகங்களுக்கு அனுப்பினார். அவ்வெண்கள் பெரும்பாலும் இனத்துக்கு வழங்கப்பட்டவை. ஒரே எண்ணின் கீழ் வெவ்வேறிடங்களில், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கைகளாற் பறிக்கப்பட்டவை கலந்துள்ளன. செடி எங்கே வளர்ந்தது, எவர் மரமேறிப் பறித்தார் என்னும் செய்திகள் பலவிடத்து அழிந்துபோயின. பறித்தவரைப் பொருட்படுத்தாத அமைப்பு இடத்தையும் இழந்தது. பின்வந்த அறிவியலாளர் இவ்விழப்பினால் இடர்ப்பட்டனர். சமூக அநீதி அறிவியற் குறைபாடாகவும் மாறுவதற்கு இது தெளிவான சான்று.

துவெயிற்சின் பின் வந்த ஹென்றி டிறைமனின் கைந்நூல் 1893 முதல் வெளிவரலாயிற்று. 1896இல் அவர் இறந்தபின், ஓர்க்கிட்டுகள் அடங்கிய நான்காம் பகுதியை ஹூக்கர் 1898இல் வெளியிட்டார். பேராதனையில் வரையப்பட்ட படங்களும் அங்கிருந்து சென்ற உலர் மாதிரிகளும் கியூவின் மேசையில் ஒன்றுசேர்ந்தே இலங்கை ஓர்க்கிட்டுகளின் இலக்கணம் உருப்பெற்றது.

5

இக்காலத்துப் பெயரிடல்களுள் இரண்டினை அருகருகே வைத்து நோக்குதல் தகும்.

தென்மேற்கு ஈரவலயக் காடுகளில் மரங்களினின்றும் தொங்கி வளரும் பெரிய இளஞ்சிவப்பு நிற ஓர்க்கிட் ஒன்றுண்டு. வைகாசியையொட்டிப் பூப்பதால் சிங்கள மக்கள் அதனை வெசாக் மலர் என அழைப்பர். இத்தீவுக்கே உரிய இவ்வினம் 1855இல் இலண்டன் தாவரவியற் சஞ்சிகையில் டென்ட்ரோபியம் மக்கார்த்தியே என்று பெயரிடப்பட்டது. அந்நாளிற் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்து பின்னர் தேசாதிபதியான சாள்ஸ் மக்கார்த்தியின் மனைவியைச் சிறப்பிக்க இடப்பட்ட பெயர் அது.

மற்றொன்று இலையே இல்லாத ஓர்க்கிட். மரப்பட்டையில் நூற்சிக்குப்போற் படர்ந்திருக்கும் அதன் பச்சை வேர்களே இலையின் தொழிலையும் செய்கின்றன. பூ மிகச் சிறியது. தேடுபவர் கண்ணுக்கும் எளிதில் அகப்படாதது. 1858இல் லிண்ட்லி இதற்கு டீனியோஃபில்லம் அல்விசியை என்று பெயரிட்டார். இப்பெயரில் உறைபவர் ஓவியர் அல்விஸ்.

ஆட்சியாளரின் மனைவிக்குத் தீவின் கவர்ச்சிமிகு பூவும், முப்பத்தைந்தாண்டுகள் கண்ணைத் தேய்த்து வரைந்த ஓவியருக்குக் கண்ணுக்குப் புலப்படாத பூவும் கிடைத்தன. இதனைத் திட்டமிட்ட சதி எனக் கூறுவது மிகையாகும். சிறிய பூவைக் கூர்ந்து கண்டவருக்கே சிறிய பூவின் பெயரை அளித்தல் பொருத்தமே என வாதிடவும் இடமுண்டு. ஆயினும், எப்பூ எவருக்குரியது என்னும் முடிவு அக்காலச் சமூகப் படிநிலையை அப்படியே பிரதிபலித்தது என்பதை மறுத்தல் இயலாது. சுதேசி ஊழியர் ஒருவரது பெயர் அறிவியலில் இடம்பெற்றதே அரிதான நிகழ்வு. மரமேறிப் பறித்தோர், சுமைதூக்கியோர், காட்டுவழி காட்டியோர் எவரது பெயரும் எந்தப் பூவுக்கும் கிடைக்கவில்லை என்றே கூறலாம்.

அதே ஆண்டுகளில் அப்பூக்களின் உறைவிடம் எரிந்துகொண்டிருந்தது என்பதையும் இவ்விடத்து நினைவுகூரவேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரித்து நிறுவப்படாத காடுகளையும் தரிசுகளையும் அரசுடைமையாக்கியது. அவை கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. மத்திய மலைநாட்டுக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. வெட்டுவதிற் சிங்களக் கிராமத்தவரும், பின்னர் தோட்டங்களைப் பண்படுத்திக் கோப்பி பறிப்பதில் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் ஈடுபடுத்தப்பட்டனர். 1869இல் கோப்பித் துரு நோய் தோன்றியது. நோயுற்ற இலையைப் பேராதனையிலிருந்து துவெயிற்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பினார். நோய்க்குக் காரணமான பூஞ்சணத்தை அங்கே பேர்க்கிலி விவரித்துப் பெயரிட்டார். கோப்பி வீழ்ந்தபின் தேயிலை பரவியது. காடு அழிந்துகொண்டிருந்த வேகமே அதன் பூக்களைப் பதிவுசெய்யும் அவசரத்தையும் தோற்றுவித்தது. பேராதனைப் பூங்கா அழிவின் பதிவாளராகவும் அழிக்கும் பொருளாதாரத்தின் ஆலோசகராகவும் ஒருங்கே விளங்கியது. இம்முரண்பாடு தனியாள் குணக்கேட்டினின்று எழுந்ததன்று. அந்நிறுவனம் நின்ற இடத்திலேயே அது பொதிந்திருந்தது.

6

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒளிப்படம் பரவியபோது, ஓவியரின் இடத்தைக் கருவி பிடித்துக்கொள்ளும் என்று பலர் எதிர்பார்த்தனர். தாவரவியலில் அவ்வாறு உடனே நிகழவில்லை. கறுப்பு வெள்ளைப் படம் பூவின் நிறத்தைத் தரவில்லை. நெருங்கிப் பிடித்த படத்திற் பூவின் ஒருபகுதி தெளிவாகவும் மறுபகுதி மங்கலாகவும் அமைந்தது. இவற்றினும் அடிப்படையான காரணம் ஒன்றுண்டு. ஓவியம் பல மாதிரிகளை நோக்கி இனத்தின் பொது இயல்பை வரைகின்றது. ஒளிப்படம் ஒரு குறித்த பூவை ஒரு குறித்த கணத்திற் பதிகின்றது. முன்னது வகைமாதிரி, பின்னது தனியன். யதார்த்தவாத இலக்கியம் பற்றிய விவாதங்களில் வகைமாதிரிப் பாத்திரம் குறித்து நாம் எழுப்பும் வினா இங்கும் எழுகின்றது.

செடிகளின் அண்மைநிலை ஒளிப்படத்துக்கு அழகியல் மதிப்பைத் தேடித்தந்தவர் ஜேர்மனியரான கார்ல் புளொஸ்பெல்ற். 1928இல் வெளிவந்த அவரது தொகுப்பு, சுருண்ட தளிரையும் அரும்பையும் பன்மடங்கு பெருப்பித்துக் காட்டியது. மார்க்சிய விமர்சகரான வால்ற்றர் பென்யமின் அத்தொகுப்பை வரவேற்று எழுதினார். கண் தானாகக் காணாத ஓர் உலகினை ஒளிப்படக் கருவி வெளிப்படுத்துகின்றது என்னும் அவரது கருத்து, 1931இல் அவர் எழுதிய ஒளிப்பட வரலாறு பற்றிய கட்டுரையில் விரிவுபெற்றது. ஓர்க்கிட்டின் உதட்டைப் பெருப்பித்த படத்திற் காணும் எவரும் இக்கருத்தின் வன்மையை உணர்வர்.

ஆயினும் வில்லையும் சமூகத்துக்கு வெளியே நிற்பதன்று. ஜூலியா மார்கரெற் கமரன் என்னும் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் இங்கிலாந்தில் டார்வின், ஹூக்கர் முதலானோரை முகத்தருகே சென்று படம்பிடித்தவர். தோட்ட உடைமைகளைக் கொண்டிருந்த குடும்பத்தோடு 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்தார். களுத்துறையில் அவர் படம்பிடித்த சுதேச மக்களது முகங்கள் கூர்மையும் கண்ணியமும் உடையன. ஆனால் இங்கிலாந்தில் அவர் பிடித்த படங்களிற் பெயர் பெற்றோர் பலராயிருக்க, இங்கே அவர் பிடித்தோர் பெரும்பாலும் பெயரற்ற விவசாயிகளாகவே எஞ்சியுள்ளனர். நெருங்கிப் பார்ப்பதும் அறிந்துகொள்வதும் ஒன்றல்ல என்பதற்கு இப்படங்கள் சான்று.

7

இனி, அண்மைநிலை ஒளிப்படம் ஓர்க்கிட்டை இனங்காணப் பயன்படும் முறையினையும் அதன் எல்லைகளையும் நோக்குவோம்.

முதலாவது, அளவு. பெருப்பித்த படத்தில் இரண்டு மில்லிமீற்றர்ப் பூவும் நான்கு சென்ரிமீற்றர்ப் பூவும் ஒரே பருமனாகத் தோன்றும். அளவுகோல் ஒன்று அருகே இல்லாத படம் பாதிச் சான்றையே தரும்.

இரண்டாவது, நிலை. பெரும்பாலான ஓர்க்கிட்டுகளில் அரும்பின் காம்பு அரைவட்டம் முறுகுவதால் உதடு கீழ்நோக்கி அமைகின்றது. ஒபெரோனியா போன்ற சிலவற்றில் உதடு மேனோக்கியும் இருக்கும். உதடு மேலா கீழா என்பது இனங்காணலுக்கு உதவும் குறிப்பாகும். படத்தை அழகுக்காகத் திருப்பி அச்சிடுவோர், தம்மையறியாமலே ஒரு சான்றினை அழித்துவிடுகின்றனர்.

மூன்றாவது, மறைந்துள்ளவை. டென்ட்ரோபியம் சாதியில் மகரந்தத் திரளைகள் நான்கு. அதனோடு தோற்றத்தில் ஒத்துவரக்கூடிய ஏரியாச் சாதியில் அவை எட்டு. மூடியை நீக்காமல் எண்ண முடியாது. எத்துணை கூர்மையான படமும் மூடியின் கீழ் ஊடுருவாது. பூவை முன்னிருந்து மாத்திரம் பிடித்தால் பின்புற வாலும், உதடு தூணின் அடியோடு இணையும் இடமும் தெரியா. ஆகையால் முன், பக்கம், பின் ஆகிய மூன்று கோணங்களிலும் படம் வேண்டும். இயன்றவிடத்து, பிரித்த உறுப்புகளின் படமும் வேண்டும். இதுவே அல்விஸ் தமது ஓவியத்தாளின் ஓரத்திற் செய்தது. கருவி மாறினும் பகுத்துக் காட்டும் கடமை மாறவில்லை.

நான்காவது, சூழல். பூவை நெருங்க நெருங்கக் காடு படத்தினின்றும் மறைகின்றது. செடி மரத்திலா மண்ணிலா வளர்ந்தது, எம்மரத்தில், எவ்வுயரத்தில், இலை எத்தகையது, எம்மாதத்திற் பூத்தது என்பன பூவைப்போலவே இன்றியமையாதவை. வன்னராஜா எனச் சிங்களத்தில் வழங்கும் நிலத்து ஓர்க்கிட்டின் பெருமை அதன் இலையில் ஓடும் பொன்னிற நரம்புகளில் உள்ளது; பூவை மாத்திரம் காட்டும் படம் மக்கள் அதனை எவ்வாறு அறிந்தனர் என்பதைத் தவறவிடும். பகுதியை முழுமையினின்றும் பிரித்துத் தனிப்பொருளாக்கும் போக்கு அண்மைநிலைப் படத்திலேயே பொதிந்துள்ளது. சந்தைக்கு வரும் சரக்கும் அவ்வாறே தன் பிறப்பிடத்தை மறைத்து நிற்கின்றது.

இவ்வெல்லைகளை மனங்கொண்டால் ஒளிப்படத்தின் நற்பயன் பெரிது. செடியைப் பிடுங்காமலே சான்று கிடைக்கின்றது. உலர் மாதிரியில் இழந்த நிறமும் வடிவமும் பாதுகாக்கப்படுகின்றன. எல்லாவற்றினும் மேலாக, சேமிப்பகத்தின் வாயிலைக் கடக்க வாய்ப்பற்றோரும் சான்றினை உருவாக்க முடிகின்றது.

8

சுதந்திரத்தின் பின்னர், பேராதனைப் பல்கலைக்கழகமும் ஸ்மித்சோனியன் நிறுவனமும் இணைந்து டிறைமனின் கைந்நூலைத் திருத்தி எழுதும் பணியை மேற்கொண்டன. அதன் ஓர்க்கிட் பகுதியை இந்நாட்டு அறிஞரான ஜயவீர எழுத, 1981இல் இரண்டாம் தொகுதியில் அது வெளிவந்தது. 1898இற் கியூவில் முடிவுற்ற பணி எண்பத்துமூன்று ஆண்டுகளின் பின் இந்நாட்டவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ நூற்றுத்தொண்ணூறு ஓர்க்கிட் இனங்கள் இங்கே அறியப்பட்டுள்ளன. ஐம்பதுக்கு மேற்பட்டவை இத்தீவுக்கே உரியனவாகக் கணிக்கப்பட்டுள்ளன.

ஆயினும் இவ்வறிவு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே தங்கியுள்ளது. காடு துண்டு துண்டாக எஞ்சியிருக்கும் மலைச்சரிவுகளின் அருகே நாளும் கொழுந்து பறிக்கும் தொழிலாளர் குடும்பங்களின் மொழி தமிழ். கோப்பிக் காலத்திற் கொணரப்பட்டோரின் வழிவந்த அம்மக்களுட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாற் பிரசாவுரிமையை இழந்தனர். நீண்ட போராட்டங்களின் பின்னரே அது மீளக் கிடைத்தது. மண்ணில் உரிமை மறுக்கப்பட்டவரிடம் மண்ணின் தாவரங்களைப் பற்றி எவரும் கேட்டறியவில்லை. அவர்கள் அச்செடிகளுக்கு வழங்கும் பெயர்கள் முறையாகத் தொகுக்கப்படல் வேண்டும். வடக்கின் உலர்வலயத்திலும் வண்டா இனங்கள் வளர்கின்றன. அவற்றின் நாட்டு வழக்குகளும் அவ்வாறே தொகுக்கப்படல் வேண்டும்.

இன்று கணினி இயந்திரங்களே படத்தைக் கண்டு பெயர் கூறுகின்றன. எண்ணற்ற தன்னார்வலர் பிடித்துப் பெயரிட்ட படங்களே அவற்றின் கல்வி. எவ்வினத்துக்குப் படங்கள் மிகுதியோ அதனை இயந்திரம் எளிதில் அறியும். எதற்கு அரிதோ அதனை அறிந்த இனத்தின் பெயராற் பிழையாக அழைக்கும். முன்னர் மாதிரிகள் குவிந்த இடத்தில் அதிகாரம் குவிந்தது போன்று, இன்று படங்கள் குவியும் இடத்தில் அது குவிகின்றது. கூட்டுழைப்பினாற் பிறந்த இவ்வறிவு எவருக்கு உடைமையாகின்றது என்பது நம் காலத்துக் காணிச் சட்டப் பிரச்சினையாகும்.

இடத்தை வெளியிடுதலும் ஒரு சிக்கலே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓர்க்கிட் வணிகர், போட்டியாளரை ஏமாற்றச் செடி கிடைத்த இடத்தை மறைத்தனர். இன்று பாதுகாவலர் அதே வணிகரின் வாரிசுகளுக்கு அஞ்சி இடத்தை மறைக்கின்றனர். வெசாக் மலரும் நரிவால் ஓர்க்கிட்டும் இந்நாட்டுத் தாவர விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 1973ஆம் ஆண்டு உடன்படிக்கை ஓர்க்கிட் குடும்பம் முழுவதையும் உள்ளடக்குகின்றது. ஆயினும் சட்டம் காட்டில் நின்று காவல் செய்வதில்லை. இடத்தை உலகுக்கு மறைப்பது தேவையாகலாம். அவ்விடத்தில் வாழும் மக்களுக்கு மறைப்பது தேவையற்றது, தீங்கானது. தம் அயலிலுள்ள செடியின் அருமையை அறிந்த மக்களே அதன் நிலையான காவலர்.

எனவே சில பணிகள் நம்முன் உள்ளன. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் பாடசாலைகளும் இணைந்து, இலங்கை ஓர்க்கிட்டுகளுக்குத் தமிழிற் படத்தொகுப்பு ஒன்றினை உருவாக்குதல் வேண்டும். அதில் அறிவியற் பெயரோடு சிங்கள, தமிழ் வழக்குப் பெயர்களும் இடம்பெறல் வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் அளவு, மாதம், வளர்ந்த சூழல் ஆகியவற்றோடு, அச்செடியை முதலிற் காட்டியவர் விரும்பின் அவர் பெயரும் குறிக்கப்படல் வேண்டும். துவெயிற்சின் எண்களுக்குள் மறைந்துபோன மனிதரை நாம் மீட்க இயலாது. இனி எழுதப்படும் குறிப்புகளில் அவர்களது வழித்தோன்றல்கள் மறையாதிருக்கச் செய்தல் நம் கையில் உள்ளது.